2018இல் நம்பிக்கையில்லாப் பிரேரணை நிறைவேறிய பிறகும் மகிந்த எப்படி ஒரு மாதம் பிரதமராக இருந்தார்?

கேள்வி: வவுனியா மாணவி

உயர்தரப் பரீட்சை நெருங்குகிறது. அரசியலமைப்பின் 19ஆவது திருத்தத்திலிருந்து கட்டாயம் ஒரு கேள்வி வரும் என்று அரசியல் விஞ்ஞான ஆசிரியர் சொல்கிறார். 2018 ஒக்டோபர் 26இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, ரணில் விக்கிரமசிங்கவை நீக்கிவிட்டு மகிந்த ராஜபக்சவைப் பிரதமராக்கினார். நவம்பர் 14இல் மகிந்தவுக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணை பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அப்படி நிறைவேறினால் அமைச்சரவை கலைந்துவிடும் என்று 48ஆவது உறுப்புரை சொல்கிறது. ஆனால் மகிந்த விலகியது டிசம்பர் 15இல். இடைப்பட்ட ஒரு மாதத்தைக் குறிப்புப் புத்தகத்தில் "அரசியல் நெருக்கடி நிலவியது" என்று ஒரே வரியில் கடந்துவிட்டார்கள். அப்போது நான் சின்னப் பிள்ளை, ஒன்றும் நினைவில்லை. யாராவது விளக்குவீர்களா?

பதில்: கொட்டாஞ்சேனைக்காரன்

மகிந்தவிடம் பெரும்பான்மைக்கு வேண்டிய 113 பேர் இல்லை. கதிரையை விட மனமும் இல்லை. இதற்கு உறுப்புரை எதற்கு?

பதில்: ஓய்வுபெற்ற இலிகிதர்

பிள்ளை, மேலே உள்ளதைப் பரீட்சையில் எழுதிவிடாதே. உண்மைதான், ஆனால் புள்ளி கிடைக்காது.

நவம்பர் 14இல் நடந்தது குரல் வாக்கெடுப்பு. சபாநாயகர் கரு ஜயசூரிய ஆதரவுக் குரலையும் எதிர்க்குரலையும் கேட்டுப் பிரேரணை நிறைவேறியதாக அறிவித்தார். 122 பேர் கையொப்பமிட்ட கடிதம் இருந்தது. ஆனால் யார் எந்தப் பக்கம் என்று சபையில் ஒவ்வொருவராக எண்ணிப் பதியவில்லை. சிறிசேன அந்த இடைவெளியில்தான் கால் வைத்தார். நடைமுறை பின்பற்றப்படவில்லை, ஏற்கமாட்டேன் என்றார். பிறகு, பிரேரணையின் முதல் பந்தியை நீக்குங்கள், முறையாக வாக்கெடுங்கள் என்றார். அந்தப் பந்தி அவருடைய சொந்த வர்த்தமானிகளையே சட்டவிரோதம் என்று சொன்னது. பிரேரணை கொண்டுவந்தவர்கள் அதையும் நீக்கிக்கொண்டு 16ஆம் திகதி மறுபடி வந்தார்கள்.

அன்றைய காணொளியைத் தேடிப் பார். மகிந்த தரப்பு உறுப்பினர்கள் சபாநாயகரின் ஆசனத்தையே பிடித்துக்கொண்டார்கள். பொலிசார் சூழ்ந்து நிற்க, கரு ஜயசூரிய வேறோர் இடத்திலிருந்து சபையை நடத்தினார். கதிரைகள் பறந்தன, புத்தகங்கள் பறந்தன, மிளகாய்த் தூள் கரைத்த தண்ணீர் முகங்களில் விழுந்தது. அந்த நிலையில் 225 பெயர்களை யார் கூப்பிடுவது? மறுபடியும் குரல் வாக்குத்தான். எண்ண விடாமல் தடுத்தவர்களே வெளியே வந்து "எண்ணவில்லையே" என்று முறையிட்டார்கள். ஜனாதிபதியும் அதையே பிடித்துக்கொண்டார். பிரதமரை நியமிக்கும் 42(4)ஆவது உறுப்புரை, சபையின் நம்பிக்கையைப் பெறக்கூடியவர் யார் என்பதை "ஜனாதிபதியின் அபிப்பிராயத்துக்கு" விட்டிருப்பது அவருக்கு வசதியாகப் போயிற்று.

ஆனால் நீ கட்டாயம் எழுத வேண்டியது நவம்பர் 29. அன்று பிரதமர் அலுவலகத்துக்கான செலவை நிறுத்தும் பிரேரணை 123 வாக்குகளால் நிறைவேறியது. எதிர்த்து ஒரு வாக்கும் இல்லை, ஏனென்றால் மகிந்த தரப்பு சபைக்கே வரவில்லை. அடுத்த நாள் அமைச்சர்களின் செலவுக்கும் அதே கதி, 122 வாக்குகள். இந்தத் தடவை எண்ணிக்கை பதிவேட்டில் ஏறிவிட்டது. பொது நிதி பாராளுமன்றத்தின் கையில் இருக்கிறது என்று படிக்கிறீர்களே, அதன் பல் எப்படி இருக்கும் என்று அந்த இரண்டு நாட்களில் தெரிந்தது.

நான் அப்போது கொழும்பில் ஓர் அமைச்சின் கணக்குக் கிளையில் இருந்தேன். பெயர் வேண்டாம். நவம்பர் தொடக்கத்தில் புதிய அமைச்சரின் பெயர்ப்பலகை கதவில் ஏறியது. மாதக் கடைசியில் அவருடைய வாகன எரிபொருள் வவுச்சர் எங்கள் மேசைக்கு வந்தது. கணக்காளர் அதைப் புரட்டிப் பார்த்தார், கையொப்பமிடவில்லை, இழுப்பறையிலும் போடவில்லை. "செயலாளரிடம் எழுத்தில் கேளுங்கள்" என்று மஞ்சள் தாளில் எழுதி ஒட்டித் திருப்பி அனுப்பினார். நாளைக்குக் கணக்காய்வு வந்து, செல்லாத அமைச்சருக்கு ஏன் பணம் கொடுத்தாய் என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே. டிசம்பர் 3இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் மகிந்தவும் அமைச்சர்களும் பதவியில் இயங்க இடைக்காலத் தடை விதித்ததும் எங்கள் கிளையில் பெருமூச்சு விட்டார்கள். நாட்டில் அமைச்சரவையே இல்லை, ஆனால் எங்களுக்குக் குழப்பம் தீர்ந்தது!

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. இன்னொன்று. மகிந்தவுக்கு எதிராக 122, 123 பேர் இருந்தார்கள். டிசம்பர் 12இல் ரணில் மீது நம்பிக்கை தெரிவித்தபோது 117 வாக்குகள்தான். மீதிப் பேர் எங்கே?

பதில்: மட்டக்களப்பான்

தங்கச்சி, மக்கள் விடுதலை முன்னணியின் ஆறு பேர் இருந்தார்கள். மகிந்தவின் நியமனம் சட்டவிரோதம் என்று வாக்களித்தார்கள், ஆனால் ரணிலுக்கு வாக்களிக்க மாட்டோம் என்று 12ஆம் திகதி ஒதுங்கிக்கொண்டார்கள். ஒருவரை வேண்டாம் என்பதும் மற்றவரை வேண்டும் என்பதும் வேறு வேறு என்பதை அவர்கள் தெளிவாகவே காட்டினார்கள்.

ரணிலைக் கரைசேர்த்தது தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் 14 வாக்குகள். அவை இல்லாவிட்டால் 103. கூட்டமைப்புக்கு 16 ஆசனங்கள் இருந்தன. எங்கள் மாவட்டத்து வியாழேந்திரன் நவம்பர் தொடக்கத்திலேயே மறுபக்கம் போய்ப் பிரதி அமைச்சரானார். கூட்டமைப்புக்கு என்று வாக்குப் போட்ட ஊர் இது. அன்று சந்தையில் அதைத் தவிர வேறு பேச்சு இல்லை.

அதற்குக் கிடைத்த கைம்மாறும் தெரியுமா? ரணில் 16ஆம் திகதி மறுபடி பதவியேற்றார். 18ஆம் திகதி எதிர்க்கட்சித் தலைவர் பதவி கூட்டமைப்பின் தலைவர் சம்பந்தனிடமிருந்து மகிந்தவுக்குப் போனது. அரசியல் கைதிகள் விடயத்திலாவது எழுத்தில் ஏதாவது வாங்கிக்கொண்டு வாக்களித்திருக்கலாம் என்று நான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

பதில்: ஓய்வுபெற்ற இலிகிதர்

தம்பி, அந்த வாக்கை ரணிலுக்குப் போட்டது என்று பார்த்தால் கசக்கத்தான் செய்யும். பாராளுமன்றத்தைக் காக்கப் போட்டது என்று பார். நவம்பர் 9இல் சிறிசேன பாராளுமன்றத்தையே கலைத்து, ஜனவரி 5 தேர்தல் என்று அறிவித்திருந்தார். அதை எதிர்த்து நீதிமன்றம் போனவர்களில் சம்பந்தன் ஐயாவும் ஒருவர்.

பிள்ளை, 70ஆவது உறுப்புரையை அந்த இடத்தில் சேர்த்து எழுது. அந்தப் பாராளுமன்றம் முதலில் கூடியது 2015 செப்டெம்பர் 1இல். அப்போதிருந்த விதிப்படி நாலரை வருடம் முடியுமுன் கலைக்க வேண்டுமென்றால் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்களே தீர்மானம் நிறைவேற்றிக் கேட்க வேண்டியிருந்தது. அப்படி எதுவும் நடக்கவில்லை. டிசம்பர் 13இல் உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்களும் ஒருமனதாகக் கலைப்பு செல்லாது என்றார்கள். அடுத்த நாள், மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் தடையை நீக்கவும் உயர் நீதிமன்றம் மறுத்தது. 15இல் மகிந்த விலகினார்.

தீர்ப்புக்குப் பணிந்து விலகினார் என்று புத்தகத்தில் இருக்கும். கணக்குக் கிளையில் இருந்தவன் என்பதால் இன்னொன்றும் சொல்வேன். 2019க்கான வரவுசெலவுத் திட்டம் அதுவரை நிறைவேறவில்லை. ஜனவரி 1 முதல் ஆசிரியருக்கும் தாதிக்கும் சம்பளம் கொடுக்கப் பாராளுமன்றத்தின் அனுமதி வேண்டும். 113 பேர் இல்லாத பிரதமர் அதை எங்கிருந்து வாங்குவார்? ரணில் வந்த அதே வாரத்தில், டிசம்பர் 21இல், முதல் நான்கு மாதங்களுக்கான இடைக்காலக் கணக்கறிக்கையை நிறைவேற்றினார்கள். எங்கள் ஜனவரிச் சம்பளம் தவறாமல் வந்தது.