‘ரைவல்’ என்ற சொல்லுக்கும் வாய்க்காலுக்கும் என்ன தொடர்பு?

மன்னார்குடி வாசகி:
பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கு ‘ரைவல்’ என்ற சொல்லுக்குப் ‘போட்டியாளர்’ என்று பொருள் சொல்லிக்கொடுத்தேன். அது ஓடையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததென்று அவளுடைய ஆசிரியை கூறினாராம். இது உண்மையா? அப்படியானால் ‘ரிவர்’ என்பதும் அதே வேரில் பிறந்ததா?

திருவையாறு, ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்:
உண்மைதான் அம்மா. லத்தீனில் ‘ரீவுஸ்’ என்றால் ஓடை, வாய்க்கால். அதிலிருந்து பிறந்த ‘ரீவாலிஸ்’, ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுப்பவரைக் குறித்தது. 533ஆம் ஆண்டில் பேரரசர் ஜஸ்டினியன் வெளியிட்ட ரோமானியச் சட்டத் தொகுப்பில், உல்பியன் என்னும் சட்ட அறிஞர் இதே விளக்கத்தைத் தந்து, அத்தகையோருக்குள் நீர் குறித்து வழக்கு எழுந்தால் இரு தரப்பாரும் தடையாணை கோரலாம் என்கிறார். ஒரு பெண்ணை விரும்பிய இருவரையும் இச்சொல்லால் குறிப்பது அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பே லத்தீன் நாடகங்களில் வந்துவிட்டது. ஆங்கிலத்துக்கு இது வந்தது 16ஆம் நூற்றாண்டில். ‘ரிவர்’ வேறு வழி. அது கரை என்று பொருள்படும் ‘ரீபா’விலிருந்து வந்தது.

பேராவூரணிப் பக்கத்து விவசாயி:
கல்லணைக் கால்வாயின் கடைமடையில் இருக்கும் எனக்கு இந்த விளக்கம் அகராதி இல்லாமலே புரிகிறது. முறை வைத்துத் தண்ணீர் விடும் நாட்களில், எங்கள் முறை வந்தும் வயலில் நீர் ஏறவில்லையே என்று இரவில் டார்ச் லைட்டுடன் வாய்க்காலோரம் நடந்துபோனால், மேலே ஓரிடத்தில் வைக்கோலையும் சேற்றையும் திணித்துக் குறுக்கே அடைத்திருப்பார்கள். அடைத்தவர், கோடையில் என்னோடு நின்று அதே வாய்க்காலைத் தூர்வாரியவராகவே பெரும்பாலும் இருப்பார். தமிழில் இதற்கு நேரான சொல் ‘பங்காளி’ என்பேன். பங்கு உடையவர் என்பதுதான் அதன் பொருள். ஆனால் ‘பங்காளிக் காய்ச்சல்’ என்றால் என்னவென்று நம் ஊரில் சிறுபிள்ளைக்கும் தெரியும்.

திருவையாறு, ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்:
மிகப் பொருத்தம் ஐயா. ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தில் இரவுக் காவலில் உடன் நிற்கும் தோழர்களுக்கே ‘ரைவல்’ என்ற சொல் வருகிறது. ஆக, ஆங்கிலத்திலும் கூட்டாளி என்ற பொருள் சிறிது காலம் உயிரோடு இருந்திருக்கிறது. அம்மா, தேர்வில் தங்கள் மகள் ‘போட்டியாளர்’ என்றே எழுதட்டும். ‘பங்காளி’ என்ற சொல்லையும் அதனருகில் நோட்டில் குறித்துக்கொள்ளட்டும்.