புதுப்பிப்பு: புறா விரட்டும் ஹாரிஸ் பருந்தும் காலில் அடிபட்ட முயலும்

லண்டனில் எங்கள் குடியிருப்புக்குப் புறா விரட்டப் பழக்கிய ஹாரிஸ் பருந்தை ஒருவர் கொண்டுவந்து பறக்கவிடுகிறார், பின்னங்காலில் தையல் போட்ட முயலைத் தோட்டத்துக் கூண்டில் விடலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, 'பருந்துக்காரரிடமே பேசுங்கள்' என்ற யோசனைதான். அவரிடம் கேட்டபோது, ஹாரிஸ் பருந்துக்கு முயல் இயல்பான இரை, கூண்டுக்குள் இருந்தாலும் மிரண்டு துள்ளும் என்றார். இப்போது பறக்கவிடும் நேரத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். அப்போது முயலை வீட்டுக்குள் வைத்துத் திரையை இழுத்துவிடுகிறோம்.

எதிர்பாராதது ஒன்று: திரை இடுக்கில் நிழல் தெரிந்ததற்கே, தையல் போட்ட காலோடு தரையைத் தொம்மென்று மிதித்தது. நல்லவேளை, தையல் பிரியவில்லை. அப்புறம் தடித்த பாய் விரித்தோம்.

புறாக்களா? பருந்து வராத நாளில் ஹாயாகத் திரும்பின. சன்னல் விளிம்புகளில் வலை கட்டியபின்தான் குறைந்தன.