கிரெடிட் ரிப்போர்ட்டில் நான் வாங்காத கடன் ஒன்று இருக்கிறது, என்ன செய்வது?

மொட்டைமாடி:

வீட்டுக்கடன் கேட்பதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிடலாமே என்று என் கடன், தவணை வரலாறெல்லாம் இருக்கும் கிரெடிட் ரிப்போர்ட்டை எடுத்தேன். வாழ்க்கையில் இதுதான் முதல்முறை. 20 பக்கத்துக்கு மேல் போகிறது. முதல் பக்கத்தில் மதிப்பெண்ணாகப் போட்டிருக்கும் மூன்று இலக்க எண்ணோடு மூடிவைத்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

உள்ளே ஒரு பைக் கடன் இருக்கிறது. இன்னும் நடப்பில் இருப்பதாகவும் 4 மாதம் தவணை தாமதம் என்றும் காட்டுகிறது. என்னிடம் இருப்பது சைக்கிள். அப்புறம், 6 வருடத்துக்கு முன் தலைமுழுகிய கிரெடிட் கார்டுக்கு நேரே ‘செட்டில்ட்’ என்று போட்டிருக்கிறது. நல்ல வார்த்தைதானே என்று நினைத்தேன். நண்பரிடம் காட்டினால் முகத்தைச் சுளிக்கிறார். என் பெயரே மூன்று விதமாக இருக்கிறது: ஓரிடத்தில் இனிஷியலோடு, ஓரிடத்தில் அப்பா பெயரை விரித்து, இன்னோரிடத்தில் அப்பா பெயர் முன்னால், நான் பின்னால்.

போதாததற்கு, இதை எடுத்துப் பார்த்ததாலேயே மதிப்பெண் குறையும் என்கிறான் தம்பி. உண்மையா?

கணக்குப்பிள்ளை:

தம்பியைச் சும்மா இருக்கச் சொல்லுங்கள். உங்கள் ரிப்போர்ட்டை நீங்களே எத்தனை முறை பார்த்தாலும் மதிப்பெண் குறையாது. நீங்கள் கடனுக்கு விண்ணப்பித்து, கடன் கொடுப்பவர் எடுத்துப் பார்த்தால்தான் அது கணக்கில் வரும். ஒரே மாதத்தில் ஐந்தாறு இடத்தில் விண்ணப்பித்தால், ‘ஆளுக்குக் கை கடிக்கிறது போல’ என்று தோன்றும், அவ்வளவுதான்.

கடன் பிரிவில் 11 வருடம் உட்கார்ந்தவன் நான். எண்ணை முதலில் பார்ப்போம் என்றாலும், சந்தேகம் வந்தால் உள்பக்கங்களைத்தான் புரட்டுவோம். ரிப்போர்ட் தரும் நிறுவனம் உங்களைப் பற்றித் துப்பறிவதில்லை. கடன் கொடுத்தவர்கள் அனுப்பும் விவரங்களை வாங்கி, பெயர், பிறந்த தேதி, அடையாள எண், முகவரியைப் பொருத்திப் பார்த்து, இதெல்லாம் ஒரே ஆள் என்று சேர்க்கிறது. நம்மவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். நம்மில் பலருக்குக் குடும்பப்பெயர் கிடையாது. படிவம் விடாமல் கேட்கும். ஒருமுறை இனிஷியல், மறுமுறை அப்பா பெயர் என்று நிரப்பி வைப்போம். என் பெயரில் ஒரு ‘ழ’ வேறு. நாலு ஆவணத்தில் நாலு ஆங்கில எழுத்துக்கூட்டல்!

அதனால் அடையாளப் பகுதியை முதலில் படியுங்கள். அந்த பைக் கடனோடு உங்களுக்குத் தெரியாத முகவரியோ பிறந்த தேதியோ வந்திருந்தால், அநேகமாக வேறொருவர் கணக்கு உங்கள் கோப்பில் கலந்திருக்கிறது. எல்லா விவரமும் உங்களுடையதாகவே இருந்தால் கதை வேறு: யாரோ உங்கள் ஆவணத்தை வைத்துக் கடன் வாங்கியிருக்கலாம். அப்படியானால் போலீஸில் புகார் கொடுத்துவிட்டு, அதன் நகலோடு கடன் கொடுத்தவருக்கு எழுதுங்கள்.

‘செட்டில்ட்’ நல்ல வார்த்தை இல்லை. முழுப் பாக்கியையும் கட்டாமல், பேசி முடித்த தொகையைக் கட்டிக் கணக்கை முடித்தீர்கள் என்று அர்த்தம். முழுதாகக் கட்டியிருந்தால் ‘க்ளோஸ்ட்’ என்று வரவேண்டும். கார்டை முடித்தபோது கொடுத்த கடிதத்தைத் தேடி எடுங்கள்.

திருத்தம் கேட்டு ரிப்போர்ட் நிறுவனத்துக்கும் கடன் கொடுத்தவருக்கும், இருவருக்குமே எழுதுங்கள். நிறுவனம் தன் இஷ்டத்துக்கு எதையும் மாற்றாது, கடன் கொடுத்தவரைக் கேட்டுத்தான் மாற்றும். நீங்கள் எந்த நாடு என்று சொல்லவில்லை. இந்தியா என்றால் 30 நாளில் தீர்த்தாக வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று 2024 ஏப்ரலில் இருந்து விதி இருக்கிறது. அமெரிக்காவிலும் 1970-ம் ஆண்டுச் சட்டப்படி பொதுவாக 30 நாள்தான். இந்தியாவில் இப்படி 4 நிறுவனங்கள், அமெரிக்காவில் பெரியவை 3. ஒன்றில் திருத்தினால் மற்றதில் தானாகத் திருந்தும் என்று நம்பி உட்காராதீர்கள்.

வெயில்நேரம்:

எனக்கும் இப்படி ஒரு ‘வாங்காத கடன்’ வந்தது. குதித்துவிட்டு அப்புறம் பார்த்தால், மைத்துனருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட கடன். ‘கியாரண்டர்’ என்று ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்தது. அவர் தவணை தவறினால் என் ரிப்போர்ட்டும் கெடும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. யாருக்காவது கையெழுத்துப் போட்டது நினைவிருக்கிறதா?

மொட்டைமாடி:

இல்லை, ஜாமீன் எதுவும் போடவில்லை. கணக்குப்பிள்ளை ஐயா சொன்னதுதான் சரி. பைக்காரர் பெயரும் என் பெயர், அப்பா பெயரும் அதே பெயர்! பிறந்த தேதியும் முகவரியும்தான் வேறு. இரண்டு பக்கமும் எழுதிப்போட்டேன், புகார் எண் வந்துவிட்டது.

கார்டு விஷயத்தில்தான் அசடு வழிகிறது. பழைய கடிதத்தைத் தேடிப் பிடித்தேன். வட்டியில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யச் சொல்லி நானே கெஞ்சி எழுதியிருக்கிறேன், அவர்களும் செய்திருக்கிறார்கள். சுத்தமாக மறந்துவிட்டது. இப்போது அந்த மீதியைக் கட்டினால் மாற்றுவார்களா?

கணக்குப்பிள்ளை:

கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் எவ்வளவு கட்ட வேண்டும், கட்டினால் ‘க்ளோஸ்ட்’ என்று திருத்தி அனுப்புவார்களா என்று முதலில் எழுத்தில் வாங்குங்கள். போனில் ‘சரி சார்’ என்பதை நம்பிப் பணத்தை அனுப்பிவிடாதீர்கள்.