முயல் நேற்றிரவிலிருந்து சாப்பிடவில்லை, புழுக்கையும் போடவில்லை. யாழ்ப்பாணத்தில் யாருக்காவது அனுபவம் உண்டா?

துளசி, கொக்குவில் (ஞாயிறு, காலை 7.10)

வீட்டில் வளர்க்கும் பெண் முயல், பெயர் கச்சான். வயது மூன்றுக்கு மேல், எடை 2 கிலோ அளவில் இருக்கும். நேற்று மத்தியானம் வரை கொறித்துக்கொண்டுதான் இருந்தது. இரவு வைத்த முருங்கையிலை விடியப் பார்த்தால் அப்படியே வாடிக் கிடக்கிறது. கரட் நீட்டினால் மணந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்புகிறது. வழமையாகக் கூட்டுக் கதவின் சத்தம் கேட்டாலே எழும்பி நிற்கிற சீவன், இப்போது மூலையில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு கண்ணை அரைவாசி மூடியபடி இருக்கிறது.

கூட்டுக்குக் கீழே தட்டில் புழுக்கை நாலைந்துதான். அதுவும் மிளகளவில், காய்ந்து, ஒன்றோடொன்று மயிரில் கோர்த்துக் கிடக்கிறது. இடைக்கிடை பல்லை நறநறவென்று கடிக்கிற சத்தமும் கேட்கிறது.

வெயில் சூடுதான், தண்ணீரில் நனைத்து விடு என்கிறார் அம்மா. ஓமத்தண்ணீர் பருக்கச் சொல்கிறார் பக்கத்து வீட்டு மாமி. நான் இன்னும் ஒன்றும் கொடுக்கவில்லை. இன்று ஞாயிறு, அரச கால்நடை வைத்தியர் அலுவலகம் பூட்டு. நாளை விடியும் வரை பொறுக்கலாமா?

முயல்வீடு, நல்லூர் (7.24)

நனைக்க வேண்டாம் தங்கச்சி. நாளை வரை பொறுக்கவும் வேண்டாம். நாயோ பூனையோ ஒரு நாள் சாப்பிடாமல் கிடந்தால் பார்த்துக்கொள்ளலாம், முயல் அப்படி இல்லை. 12 மணித்தியாலம் வாயில் ஒன்றும் போகாவிட்டால் அவசரம் என்றுதான் எடுக்க வேண்டும்.

கீழே கேட்பதைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், அப்புறம் கதைப்போம். காதைத் தொட்டால் சுடுகிறதா, குளிர்கிறதா? வயிறு மெத்தென்று இருக்கிறதா, உப்பி இறுகிப் போயிருக்கிறதா? மூத்திரம் போகிறதா? நாடிக்குக் கீழே மயிர் ஈரமாக ஒட்டிக் கிடக்கிறதா? மெல்லிய இலை ஒன்றை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கள். திரும்பியே பார்க்காமல் இருக்கிறதா, அல்லது வாயில் எடுத்துவிட்டு விடுகிறதா? கடைசிக் கேள்விதான் முக்கியம்.

நிரோ (7.31)

எங்கள் வீட்டு முயலுக்குப் போன வருடம் இதே மாதிரி வந்தது. ஐஸ் போத்தலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தோம், பின்னேரமே எழும்பிவிட்டது. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே கூடு இருந்தால் வேறென்ன நடக்கும்?

மாலினி (7.40)

கிறைப் வோட்டர் கொஞ்சம் பருக்கிப் பாருங்கள், பிள்ளைகளுக்கே கொடுக்கிறோம் தானே. வீட்டில் அமொக்சிசிலின் சிரப் மிச்சம் கிடந்தால் அதிலும் அரை ரீஸ்பூன். எங்கள் ஆட்டுக்குட்டிக்கு அதுதான் கேட்டது.

பேராதனை மாணவி (7.46)

மாலினி அக்கா, கோபிக்க வேண்டாம், அந்தச் சிரப்பை மட்டும் தயவுசெய்து கொடுக்கச் சொல்லாதீர்கள். நான் மிருக வைத்தியம் படிக்கிறேன். அமொக்சிசிலின், பென்சிலின் வகைகளை முயலுக்கு வாய்வழியாகக் கொடுத்தால் குடலில் இருக்கும் நல்ல பற்றீரியாக்கள் செத்து, கெட்டவை பெருகி நஞ்சு கக்கும். கழிச்சல் வந்து ஓரிரு நாளில் முயல் செத்தே போகலாம். ஆட்டுக்குக் கேட்டது முயலுக்குக் கேட்காது. கிறைப் வோட்டரிலும் சீனி இருக்கக்கூடும், நின்றுபோன குடலுக்கு அது கூடாது. மனிதருக்கான வலிக்குளிசையும் உங்கள் கணக்கில் வேண்டாம்.

நிரோ அண்ணா சொன்ன ஐஸ் போத்தல் வெயில் அடித்த முயலுக்குச் சரி. அப்படியானால் காது சுடும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும், நிலத்தில் நீட்டி விழுந்து கிடக்கும். துளசி எழுதியிருப்பது வேறு மாதிரி இருக்கிறது. உடம்பைக் குறுக்கிக்கொண்டு பல்லைக் கடிப்பது வலி. காது எப்படி என்று சொல்லும் வரை ஐஸும் வேண்டாம், சூடும் வேண்டாம்.

துளசி, கொக்குவில் (8.05)

பார்த்தேன். காது இரண்டும் குளிர்ந்து கிடக்கிறது. வயிறு உப்பவில்லை, பிசைந்த ரொட்டி மா மாதிரி மெத்தென்று இருக்கிறது. காதை வைத்துக் கேட்டால் உள்ளே ஒரு சத்தமும் இல்லை. மூத்திரம் கொஞ்சம் போயிருக்கிறது.

நாடி ஈரம்தான்! கழுத்துப் பக்கம் வரை மயிர் திரண்டு ஒட்டியிருக்கிறது, தண்ணீர் குடித்த ஈரம் என்று நினைத்திருந்தேன். வல்லாரை இலை ஒன்று நீட்டினேன். எடுத்தது, வாயை ஒரு பக்கமாகக் கோணி இரண்டு தரம் மென்றது, பிறகு நாக்கால் வெளியே தள்ளிவிட்டது. இலையில் எச்சில் நூலாக வந்தது.

முயல்வீடு, நல்லூர் (8.22)

அப்படியென்றால் எனக்குப் பல்லில்தான் சந்தேகம். சாப்பிட விருப்பமில்லாத முயல் இலையைத் திரும்பியும் பார்க்காது. எடுத்துவிட்டுத் துப்புகிற முயலுக்குப் பசி இருக்கிறது, வாய்தான் விடவில்லை.

முயலின் பல் சாகும் வரை வளரும். முன்பல்லை மட்டும் பார்த்துவிட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிடுவோம், கள்ளன் இருப்பது உள்ளே. கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று சரியாக உரசித் தேயாவிட்டால் ஓரத்தில் முள்ளுப் போல் கூர் கிளம்பும். கீழ்ப்பல்லின் கூர் நாக்கைக் கிழிக்கும், மேற்பல்லின் கூர் கன்னத்தைக் குத்தும். நாக்கில் புண்ணோடு யார்தான் மெல்லுவார்கள்? எச்சில் வழிவதும் அதனால்தான்.

சாப்பாடு நின்றால் குடலும் நின்றுவிடும். நார் உள்ளே போய்க்கொண்டே இருந்தால்தான் அது தள்ளும். நின்ற குடலில் வாயு கட்டும், வாயுவால் வலி, வலியால் இன்னும் சாப்பிடாது. முயலால் வாந்தியும் எடுக்க ஏலாது. இப்படியே விட்டால் உடம்புக் கொழுப்பு கரைந்து ஈரலில் போய்ப் படியும், அதற்குப் பிறகு மீட்பது கஷ்டம்.

இப்போது செய்ய வேண்டியது சூடு கொடுப்பது. சோடாப் போத்தலில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுத் துவாயில் சுற்றி ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள், சூடு கூடினால் அது விலகிப் போக இடம் வேண்டும். காது சூடு பிடிக்கும் வரை வாயில் ஒன்றும் வைக்க வேண்டாம். குளிர்ந்த முயலுக்கு உணவைத் திணித்தால் உள்ளே போய்க் கிடந்து புளிக்கும்.

அதற்கிடையில் ஃபோனை எடுத்துத் தனியார் மிருக வைத்தியர்களிடம் கேளுங்கள். "திறந்திருக்கிறீர்களா" என்று கேட்காதீர்கள், "முயல் பார்ப்பீர்களா, கடைவாய்ப் பல் பார்ப்பீர்களா" என்று கேளுங்கள். இங்கே அநேகமானவர்களுக்கு மாடும் ஆடும் நாயும்தான் பழக்கம். வெளிப்படையாகச் சொல்கிறவரிடம் போவது நல்லது.

பேராதனை மாணவி (8.35)

முயல்வீடு சொன்னதோடு ஒன்று. காது சூடு பிடித்த பிறகும் வைத்தியரிடம் போக நேரம் எடுக்கும் என்றால் மட்டும் கொஞ்சம் பருக்கலாம். வயிறு மெத்தென்று இருப்பதால்தான் சொல்கிறேன். உப்பி இறுகியிருந்தால் அடைப்பாக இருக்கலாம், அப்போது ஒரு துளியும் பருக்கக் கூடாது, உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

முயல் தீன் இருந்தால் கொதித்தாறிய தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக மசியுங்கள். இல்லையென்றால் அறுகம்புல்லும் கொத்தமல்லி இலையும் மிக்சியில் அடித்து, சிரிஞ்சில் ஏறுகிற பதத்துக்கு எடுங்கள். கோழித்தீன் வேண்டாம், அதில் கலக்கும் சில மருந்துகள் முயலுக்கு நஞ்சு.

மடியில் வைத்துத் துவாயால் முன்கால்களைச் சேர்த்துச் சுற்றுங்கள். மல்லாக்கப் போடக் கூடாது. முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவில் பல்லில்லாத இடைவெளி ஒன்று இருக்கிறது, உதட்டோரமாக அதற்குள் ஊசி இல்லாத 1 மில்லி சிரிஞ்சின் முனையை வையுங்கள். அரை மில்லி தள்ளிவிட்டு நிறுத்துங்கள். தாடை அசைந்து விழுங்கியதைக் கண்ட பிறகு அடுத்தது. அவசரப்பட்டால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். நாக்கில் புண் இருந்தால் முரண்டு பிடிக்கும், அப்போது விட்டுவிடுங்கள்.

சாவகச்சேரிக் கமக்காரன் (9.02)

முயலுக்கு இவ்வளவு பாடா? நாங்கள் சின்னனில் வளர்த்தோம், வருத்தம் வந்தால் சட்டிக்குள் போகும். சரி சரி, ஏசாதையுங்கோ. பிள்ளை, யாழ் ரவுணுக்குக் கொண்டுபோவதென்றால் ஓட்டோவில் வெயில் ஏற முதல் போ. கடதாசிப் பெட்டி அடியில் பழைய சாரம் ஒன்றை விரி, வழுக்கினால் இன்னும் வெருளும்.

துளசி, கொக்குவில் (பின்னேரம் 4.50)

ரவுணில் ஒரு டொக்டர் வரச் சொன்னார். முயல் அதிகம் பார்ப்பதில்லை என்று முதலே சொன்னார், ஆனால் பொறுமையாகப் பார்த்தார். வழியெல்லாம் துவாய்க்குள் போத்தலோடு கொண்டுபோனதில் காது கொஞ்சம் சூடாகியிருந்தது.

காது பார்க்கிற லைற் பூட்டிய குழலை வாய்க்குள் விட்டு எனக்கும் காட்டினார். இடது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லின் உட்பக்கத்தில் வெள்ளையாகக் கூர் ஒன்று நாக்கை நோக்கிச் சாய்ந்து நிற்கிறது. அது முட்டுகிற இடத்தில் நாக்கு சிவந்து, நடுவில் வெள்ளைப் புண்.

வயிற்றை அமத்திப் பார்த்து அடைப்பு இல்லை என்றார். வலிக்கு ஊசி, தோலுக்குக் கீழே சேலைன், குடல் அசையவும் ஒரு மருந்து. பல்லின் கூரை வெட்டுவதற்கு மயக்க வேண்டுமாம், இந்த நிலையில் மயக்கப் பயமாக இருக்கிறது, இரண்டு மூன்று நாள் தேற்றிக் கொண்டுவாருங்கள் என்று அனுப்பிவிட்டார். கூழ் பருக்கும் அளவும் சொன்னார். நாளுக்கு மொத்தம் 100 மில்லி வரை, ஆனால் முதல் நாள் அதில் பாதி காணும், சின்னச் சின்னதாகப் பிரித்து.

பேராதனைக்குக் கொண்டுபோனால் இன்னும் நல்லதா?

முயல்வீடு, நல்லூர் (5.15)

பேராதனை மிருக வைத்தியப் பீடத்தின் போதனா வைத்தியசாலையில் வசதி கூடத்தான். ஆனால் இந்தச் சூட்டில் கண்டி வரை பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு போனால் இப்போது அசையத் தொடங்குகிற குடல் திரும்ப நின்றுவிடும். பயமே முயலுக்குப் பாதி வருத்தம். காரணத்தைக் கண்டுபிடித்த டொக்டர் கிட்டவே இருக்கிறார், அவரிடமே தேற்றிக் கொண்டுபோங்கள். அவர் ஏலாது என்று சொன்னால் பார்ப்போம்.

வலி மருந்தை மட்டும் நேரம் தவற விடாதீர்கள். வலி அடங்கினால் தானே வாய் வைக்கும்.

துளசி, கொக்குவில் (திங்கள், காலை 6.20)

புழுக்கை!!! தட்டில் ஒரு கைப்பிடி. சின்னன்தான், ஆனால் உருண்டை. கூழை நேற்று ராத்திரி முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கியது, இன்று காலை சிரிஞ்சின் முனையை நக்குகிறது. அறுகம்புல்லை மெல்லிய துண்டாக நறுக்கி வைத்தேன், வலது பக்கத்தால் மெல்லுகிறது.

ஒரு சந்தேகம். மயக்க முதல் இரவு முழுக்கப் பட்டினி போடச் சொல்லி எங்கள் நாய்க்கு ஒருமுறை சொன்னார்கள். கச்சானுக்கும் அப்படியா? டொக்டரிடம் கேட்க மறந்துவிட்டேன்.

பேராதனை மாணவி (6.41)

கூடாது. நாயையும் பூனையையும் பட்டினி போடுவது மயக்கத்தில் வாந்தி எடுத்து அது மூச்சுக்குள் போய்விடும் என்ற பயத்தில். முயல் வாந்தியே எடுக்காது, பட்டினி போட்டால் குடல்தான் நிற்கும். கொண்டுபோகும் வரை புல் இருக்கட்டும், மயக்க முதல் வாய்க்குள் மிச்சம் கிடந்தால் துடைத்தால் போதும். கையோடு ஒரு கட்டுப் புல்லும் கொண்டுபோங்கள், மயக்கம் தெளிந்ததும் முன்னால் வைக்கலாம். டொக்டருக்கும் ஒரு கோல் எடுத்துச் சொல்லிவிடுங்கள், அவர் சொல்வதுதான் முடிவு.

துளசி, கொக்குவில் (வியாழன், இரவு 8.30)

டொக்டர் நேற்றுப் பல்லின் கூரை வெட்டி ஓரத்தைத் தேய்த்துவிட்டார். வீட்டுக்கு வந்து ஒரு மணித்தியாலம் தலை ஆடிக்கொண்டு இருந்தது, பிறகு நேரே புல்லுக்குப் போனது. மாமி கேற்றுக்கு வந்து பார்த்துவிட்டு, ஓமத்தண்ணீர் கொடுத்திருந்தால் இந்தச் செலவு வந்திருக்காது என்கிறார். சிரித்துவிட்டு இருந்துவிட்டேன்.

கூர் திரும்பவும் வரலாம், சில மாதத்துக்கு ஒருமுறை காட்டச் சொன்னார் டொக்டர். தேய்வதற்குப் புல்தான் மருந்தாம், சாப்பாட்டில் பெரும்பங்கு புல்லாக இருக்க வேண்டுமாம், கரட்டும் முயல் தீனும் கொஞ்சம் காணுமாம். பெட்டியில் வருகிற இறக்குமதி உலர்புல் விலையைப் பார்த்தால் நாங்கள் பட்டினி கிடக்க வேண்டும். இந்தக் கோடையில் எங்கள் வளவில் புல்லே இல்லை. என்ன செய்கிறீர்கள்?

முயல்வீடு, நல்லூர் (8.52)

கினியாப்புல்லும் அறுகம்புல்லும்தான் எங்கள் வீட்டில். முருங்கையிலை, முசுட்டை கொஞ்சம் கொஞ்சமாக. இப்பில் இப்பில் மரத்து இலை கொடுக்க வேண்டாம், ஆடு தின்னும், முயலுக்கு மயிர் கொட்டும். அலரி, குரோட்டன் எட்டாத தூரத்தில். கினியாப்புல் தண்டோடு கொடுங்கள், பல் தேய்வது தண்டில்தான்.

காயவைக்கலாம். விடிய வெட்டி, நிழலில் பாயில் பரப்பி, இடைக்கிடை பிரட்டிவிடுங்கள். கட்டி வைத்த பிறகு பூஞ்சணம் மணந்தால் யோசிக்காமல் எறியுங்கள்.

சாவகச்சேரிக் கமக்காரன் (9.20)

புல்லுக்கா இந்த யோசனை? ஒன்று மட்டும் சொல்கிறேன். வெங்காயத் தறை, புகையிலைத் தறை வரம்பில் வெட்டிக் கொடுக்க வேண்டாம். எல்லாரும் மருந்து அடிக்கிறோம், நானும்தான், காற்றில் வரம்பெல்லாம் படும். கழுவினாலும் முழுக்கப் போகாது. றோட்டோரப் புல்லும் வேண்டாம், களைநாசினி அடித்திருப்பார்கள்.

என்ரை மாட்டுக்கு வளவுக்குள் கினியாப்புல் நட்டிருக்கிறேன், கிணத்துத் தண்ணியில் இந்த வெயிலிலும் பச்சைதான். அதில் மருந்து இல்லை. வந்து வெட்டு, காசு வேண்டாம்.

துளசி, கொக்குவில் (9.31)

ஐயா, பெரிய உதவி. சனிக்கிழமை வரலாமா? எத்தனை மணிக்கு?

சாவகச்சேரிக் கமக்காரன் (9.34)

விடிய ஆறரைக்குள் வா பிள்ளை. அதுக்குப் பிறகு நான் தோட்டத்தில். சாக்கு இரண்டு கொண்டுவா, கையுறையும். அந்தப் புல் கையை அறுக்கும்.