முந்திரித் தோப்பின் சுற்றுச்சூழல் கணக்கு: எதையெல்லாம் எழுதுவது?

செம்மண்மேடு:
பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்து மேட்டு நிலம். 12 ஏக்கர் முந்திரி. கொட்டை ஊன்றி வளர்த்த பழைய மரங்கள், முழுக்க மானாவாரி. பாதியை எடுத்துவிட்டு வி.ஆர்.ஐ-3 ரக ஒட்டுக்கன்றை 5×4 மீட்டரில் அடர்நடவு செய்து, போர் போட்டுச் சொட்டுநீர் கொடுப்பது திட்டம். ஏற்றுமதிக்கு வாங்குகிறவர் தோப்பின் சுற்றுச்சூழல் விவரத்தை எழுதிக் கேட்கிறார். இணையத்தில் தேடினால் பாதாமின் தண்ணீர்க் கணக்குதான் வருகிறது. முந்திரிக்கும் தண்ணீர்தான் பெரிய சுமையா? மருந்து, மண், கொட்டையின் ஓடு இவற்றில் எங்கே கை வைத்தால் உண்மையிலேயே குறையும்?

நிலத்தடி:
பாதாம் கணக்கை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். கலிபோர்னியாவில் கோடையில் மழையே கிடையாது. அங்கே ஒரு ஏக்கர் பாதாமுக்கு வருடத்துக்கு 3 முதல் 4 ஏக்கர்-அடி தண்ணீர் போகிறது. நம் கணக்கில் 37 முதல் 49 லட்சம் லிட்டர். உங்கள் பழைய மரங்கள் குடிப்பது முழுக்க மழைநீர். அதனால் பாசனம் என்ற இடத்தில் இன்றைக்குப் பூஜ்யம் என்றே எழுதலாம்.

அடர்நடவு வந்தால்தான் கணக்கு மாறும். 7×7 மீட்டரில் ஏக்கருக்கு 82 மரம் நிற்கும், 5×4-இல் 200. பூ எடுத்ததிலிருந்து காய் பிடித்து முற்றும் வரை நான்கு நாளுக்கு ஒருமுறை மரத்துக்கு 80 லிட்டர், மூன்று மாதத்தில் 22 முறை என்று வைத்தால் ஏக்கருக்கு 3.5 லட்சம் லிட்டர். பாதாமோடு ஒப்பிட்டால் சிறியது. ஆனால் ஆறு ஏக்கருக்கு 21 லட்சம் லிட்டர், அதுவும் முழுக்க நிலத்தடி நீர். உங்கள் செம்மண் மேடுதான் கடலூர் மணற்கல் அடுக்குக்கு மழைநீர் இறங்கும் இடம். நெய்வேலிச் சுரங்கத்துக்காக ஏற்கெனவே இரவு பகலாக நீர் இறைக்கப்படும் அடுக்கு அது. போரில் மீட்டர் பொருத்தி, பூவெடுப்புக்கு முன்னும் அறுவடைக்குப் பின்னும் நீர்மட்டத்தை அளந்து வையுங்கள். ஆண்டு முழுக்கப் பாய்ச்ச வேண்டியதில்லை. பூவுக்கு முன்னால் தண்ணீர் கொடுத்தால் மரம் இலையாகத் தள்ளும், பூ தள்ளிப்போகும்.

முசுறு:
தண்ணீரைவிட மருந்துதான் எனக்குப் பெரிய கவலை. கேரளத்தின் காசர்கோட்டில் அரசுத் தோட்டக் கழகத்தின் முந்திரிக்காடுகள் மேல் 1970-களின் பிற்பகுதி தொடங்கி 2000 வரை எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்தை ஹெலிகாப்டரில் தெளித்தார்கள். கீழே வீடும் கிணறும் ஓடையும் இருந்தன. உச்ச நீதிமன்றம் தடை விதித்தது 2011 மே மாதத்தில். அந்தச் சனங்கள் பட்ட பாட்டை மறந்துவிட்டு யாரும் முந்திரிக்கு மருந்துத் தொட்டியைத் தூக்கக் கூடாது.

அத்தனையும் தேயிலைக் கொசு என்ற ஒரே பூச்சிக்காக. பெயர்தான் கொசு, உண்மையில் அது ஒரு நாவாய்ப்பூச்சி. இளந்தளிர், பூங்கொத்துக் காம்பு, பிஞ்சு மூன்றிலும் சாறு உறிஞ்சும். குத்திய இடத்தில் நீளவாக்கில் பழுப்புக் கோடு விழும், பிசின் கசியும், கோடு கறுத்து நுனி கருகும். அந்தப் புண் வழியாகப் பூஞ்சாணமும் ஏறும். வழக்கமான சிபாரிசு தளிருக்கு ஒன்று, பூவுக்கு ஒன்று, பிஞ்சுக்கு ஒன்று என்று மூன்று முறை. தப்பு நடப்பது தேதி பார்த்து அடிப்பதில். வாரம் ஒருமுறை பத்து மரத்துக்கு ஒன்றாக நாலு திசையிலும் தளிரைத் திருப்பிப் பாருங்கள். புதுக் கோடு இல்லையென்றால் அந்தச் சுற்றை விட்டுவிடலாம்.

அடிக்க வேண்டி வந்தால் லாம்டா சைஹலோத்ரின் 5 இ.சி. (நூற்றுக்கு 5 பங்கு மூலப்பொருள் உள்ள, நீரில் கலக்கும் பூச்சிமருந்து) லிட்டருக்கு 0.6 மில்லி. மரத்துக்கு 8 லிட்டர் கரைசல், ஏக்கருக்கு 80 மரம் என்றால் ஒரு சுற்றுக்கு 384 மில்லி, அதாவது மூலப்பொருள் 19 கிராம். வாங்குபவருக்கு இந்தக் கிராம் கணக்கைக் கொடுங்கள். எத்தனை பாட்டில் என்று எழுதினால் அவருக்கு எதுவும் புரியாது. முந்திரிப்பூ காலையில் விரிகிறது, தேனீயும் ஈயும் அப்போதுதான் வரும். அதனால் தெளிப்பு மாலை 4 மணிக்குமேல். கிளை கவாத்து செய்து உயரத்தை அடக்கினால் கரைசலும் மிச்சம், காற்றில் பறப்பதும் குறையும்.

மருந்தில்லாத வழி முசுறு எறும்பு, அதாவது மரத்து இலைகளைப் பின்னிக் கூடு கட்டும் செவ்வெறும்பு. தேயிலைக் கொசுவை அதுவே வேட்டையாடும். ஒரே கூட்டத்து மரங்களைக் கயிறு கட்டி இணையுங்கள். வேறு கூட்டம் இருக்கும் மரத்தோடு கிளை உரசினால் அந்தக் கிளையை வெட்டுங்கள். இரண்டு கூட்டமும் சண்டையில் இறங்கினால் கொசுவைக் கவனிக்க ஆள் இருக்காது. எறும்பு கடிக்கும்தான், ஆனால் நாம் பொறுக்குவது விழுந்த கொட்டை. முசுறு இருக்கும் மரத்தில் லாம்டா அடித்தால் முதலில் சாவது முசுறு.

செம்மண்மேடு:
நன்றிங்க. தரையைச் சுத்தமாக வைத்தால்தான் கொட்டை பொறுக்க முடிகிறது. இங்கே எல்லாரும் உழுது, சருகைக் கூட்டிக் கொளுத்துகிறார்கள். அதையும் எழுத வேண்டுமா?

பிறைக்கரை:
கட்டாயம் எழுதுங்கள். முந்திரியை நம் நாட்டுக்குக் கொண்டுவந்த போர்த்துகீசியர்கள் மண் அரிப்பைத் தடுக்கவும் அதை நட்டார்கள். அந்த மரத்தடியையே நாம் உழுது அரிக்கவிடுகிறோம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் சரிவோடு சேர்த்து உழுத செம்மண்ணில் ஒரே மழையில் விரல் ஆழ ஓடை விழும், நாலு வருடத்தில் வேர் வெளியே தெரியும்.

சரிவின் கீழ்ப்பக்கம், மரத்திலிருந்து 2 மீட்டர் தள்ளி, அரை மீட்டர் உயரத்துக்குப் பிறை வடிவில் கரை போடுங்கள். மண்ணை மேற்பக்கத்திலிருந்து வெட்டி எடுங்கள். கரைக்கு உள்ளே சருகு மூடாக்கு கிடக்கட்டும். கொட்டை விழும் பருவத்தில் மட்டும் சருகை வரிசைகளுக்கு நடுவே வாரி ஒதுக்கினால் போதும். கொளுத்த வேண்டாம்.

பழைய மரத்தை எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. அடித்தூரில் மரத்தூளும் பிசினும் தள்ளியிருந்தால் உள்ளே தண்டு துளைப்பான் புழு இருக்கிறது. அதை அடிக்கட்டையோடு நிலத்தில் விட்டால் பக்கத்து மரங்களுக்கும் பரவும். வேரோடு பெயர்த்து அப்புறப்படுத்துங்கள்.

ஓட்டுச்சூளை:
தோப்பு வேலியோடு கணக்கு முடியாது. 80 கிலோ மூட்டையை உடைத்தால் பருப்பு 20 கிலோ சுமார். ஓடு மட்டும் 55 கிலோ போல வரும். அந்த ஓட்டில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் எண்ணெய். உடைக்கிற பெண்களின் கையைப் பொத்துப்போகச் செய்வது அதுதான். பச்சை ஓட்டைத் திறந்த அடுப்பில் எரித்தால் கண்ணை அறுக்கும் கரும்புகை வரும். டிரம்மில் வறுக்கும் பட்டறைகளின் பெரிய சுமை இதுவே.

நீராவியில் வேகவைத்து உடைக்கும் ஆலைக்குக் கொட்டையைப் போடுங்கள். அங்கே ஓட்டைச் செக்கில் பிழிந்து எண்ணெய் எடுப்பார்களா என்று கேளுங்கள். அந்த எண்ணெய் பெயின்ட்டுக்கும் பிரேக் லைனிங்குக்கும் போகும். பிழிந்த சக்கை பாய்லரில் பச்சை ஓட்டைவிடப் புகை குறைவாக எரியும். ஆலைகளில் ஆப்பிரிக்கக் கொட்டையும் சேர்ந்தே உடைபடுகிறது, அதனால் உங்கள் மூட்டைகளுக்கான பங்கைத் தனியாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

செம்மண்மேடு:
பழம்? மரத்தடியிலேயே அழுகி ஈ மொய்க்கிறது.

பிறைக்கரை:
கொட்டையின் எடையைப் போல ஐந்து முதல் பத்து மடங்கு பழம் விழும். ஏக்கருக்கு 400 கிலோ கொட்டை என்றால் குறைந்தது 2 டன். தனியாகக் குழியில் கொட்டினால் புளித்து நாறும், ஈரமும் அமிலமும் அதிகம். வரிசை நடுவே ஒதுக்கிய அந்தச் சருகுதான் இதற்குத் துணை. ஒரு அடுக்கு பழம், அதற்கு மூன்று மடங்கு தடிமனுக்குச் சருகு, மேலே சாணிக் கரைசல். இடுப்பு உயரம் வந்ததும் நிறுத்தி, பதினைந்து நாளுக்கு ஒருமுறை புரட்டுங்கள். கையில் பிழிந்தால் சொட்டக் கூடாது, சொட்டினால் இன்னும் சருகு போடுங்கள்.