பெரிய அத்தையின் ஆர்க்கிட் செடிகள் யாருக்கு?

பெரிய அத்தை: அனைவருக்கும் வணக்கம். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு பல மாதங்களுக்கு மாடிப்படி ஏறக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதற்கு முன் மாடியிலிருக்கும் ஆர்க்கிட் செடிகளை உங்கள் வீடுகளுக்கு அனுப்பிவிட நினைக்கிறேன். யாருக்கு எது பிடிக்கும் என்று நான் கேட்கவில்லை. உங்கள் வீட்டில் எந்த இடத்தில், எந்த நேரத்தில், எவ்வளவு வெயில் விழுகிறது என்பதை மட்டும் இந்தக் குடும்பக் குழுவில் எழுதுங்கள்.

சித்தப்பா: வாண்டா ஆர்க்கிட் எனக்கு வேண்டும், அக்கா. அது அப்பா கையால் கட்டித் தொங்கவிட்ட செடி.

அப்பா: அவர் நம் எல்லோருக்கும்தான் அப்பா, தம்பி.

சித்தி: காலையிலேயே ஆரம்பித்துவிட்டீர்களா?

அக்கா: அத்தை, மொட்டு விட்டிருக்கும் ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிடை இந்த ஞாயிற்றுக்கிழமையே வந்து எடுத்துக்கொள்கிறேன்.

பெரிய அத்தை: ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், கண்ணே. மொட்டோடு இடம் மாற்றினால் வெளிச்சமும் ஈரப்பதமும் திடீரென்று மாறி, மொட்டுகள் மஞ்சளாகி ஒவ்வொன்றாக உதிர்ந்துவிடும். பூக்கள் விரிந்து முடியட்டும், பிறகு அது உன்னுடையதுதான். கிழக்கு ஜன்னல் இருக்கிறது அல்லவா, அந்தக் காலை வெயில் அதற்குப் போதும். தண்ணீர் ஊற்றும்போது இலைகள் கூடும் நடுக்குருத்தில் தேங்காமல் பார்த்துக்கொள். இரவு முழுவதும் அங்கே நீர் நின்றால் குருத்து அழுகும், குருத்து போனால் செடியே போனதுபோலத்தான்.

அக்கா: சரி அத்தை, காத்திருக்கிறேன்.

பெரிய அத்தை: எல்லோருக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். வெப்பமண்டல ஆர்க்கிட் என்றவுடன் எல்லாவற்றுக்கும் ஒரே கவனிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். என்னிடம் இருப்பவற்றில் பெரும்பாலானவை காட்டில் மரத்தைத் தொற்றி வளரும் இனங்கள். அவை மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை, பட்டையைப் பற்றிக்கொண்டு, மழை நீரையும் அதில் கரைந்து வரும் கொஞ்சம் சத்தையும் வேரால் வாங்கி வாழ்கின்றன. அந்த வேரைச் சுற்றிப் பஞ்சு போன்ற உறை ஒன்று உண்டு. காய்ந்திருக்கும்போது அது வெள்ளி நிறத்தில் இருக்கும், தண்ணீர் பட்ட சில நொடிகளில் உள்ளிருக்கும் பச்சை தெரியும். வேர் வெள்ளியாக இருந்தால் தண்ணீர் கொடுக்கலாம், பச்சையாக இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். நனைந்த வேருக்குக் காற்றும் வேண்டும் என்பதால்தான் கரித்துண்டும் தேங்காய் மட்டைத் துண்டும் போட்டு வைத்திருக்கிறேன். மட்டை மக்கித் தூளாகிவிட்டால் காற்றுப் போக்கு அடைபடும், அப்போது மாற்றிவிட வேண்டும். யாரும் அன்பு மிகுந்து தோட்ட மண்ணைப் போட்டு நிரப்பிவிடாதீர்கள்.

சித்தி: மண் போட மாட்டோம், அண்ணி.

அத்தான்: அம்மா, அடுத்த மாதம் வந்துவிட்டுத் திரும்பும்போது அந்தப் பாஃபியோபெடிலம் ஆர்க்கிடைப் பெட்டிக்குள் வைத்து இங்கே வெளிநாட்டுக்குக் கொண்டுவந்துவிடட்டுமா? சின்னத் தொட்டிதானே.

நான்: அத்தான், அப்படிச் செய்யாதீர்கள். அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்த 1975இல் நடைமுறைக்கு வந்த சைட்டிஸ் ஒப்பந்தத்தின்படி ஆர்க்கிட் குடும்பம் முழுவதுமே கட்டுப்பாட்டுக்குள் இருக்கிறது. பாஃபியோபெடிலம் இனங்களோ மிகக் கடுமையான முதலாம் பட்டியலில் இருக்கின்றன. காட்டிலிருந்து அள்ளி அள்ளி விற்றே பல இனங்களை அழிவின் விளிம்புக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அனுமதிச் சான்றிதழ் இல்லாமல் எல்லை தாண்டினால் செடியைப் பறிமுதல் செய்வார்கள், உங்களுக்கும் சிக்கல் வரும்.

அத்தான்: அப்படியானால் அது உன்னிடமே இருக்கட்டும்.

பெரிய அத்தை: நல்லது. அது தரையில் மக்கிய இலைகளுக்கிடையே வளர்வது, நீரைச் சேர்த்து வைக்கும் தடித்த தண்டு அதற்குக் கிடையாது. ஆகவே மற்றவற்றைப் போல முழுவதும் காயவிடக் கூடாது.

சித்தப்பா: அக்கா, எனக்கு ஏற்கெனவே கொடுத்த டென்ட்ரோபியம் நோபிலே இன்றுவரை பூக்கவில்லை. தண்டு நெடுகக் குட்டிச் செடிகளாக முளைத்து நிற்கிறது. அண்ணன் வீட்டு டென்ட்ரோபியம் மட்டும் ஆண்டு முழுவதும் பூக்கிறது. நல்ல செடியை அங்கே கொடுத்துவிட்டீர்களோ என்று இவள்கூடக் கேட்டாள்.

சித்தி: நான் அப்படிக் கேட்கவில்லை.

பெரிய அத்தை: இரண்டும் வேறு வேறு இயல்புடையவை, தம்பி. டென்ட்ரோபியத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. அண்ணன் வீட்டில் இருப்பது வெப்பத்தை விரும்பும் வகை, அதற்கு ஓய்வுக் காலம் அவ்வளவாகத் தேவையில்லை. நோபிலே இமயமலை அடிவாரத்தில் வளர்வது. அங்கே மழை முடிந்ததும் வறண்ட குளிர்காலம் வரும், அந்த வறட்சியிலும் குளிரிலும்தான் கணுக்களில் பூ மொட்டு உருவாகிறது. குளிர்காலத்தில் நீ உரத்தை நிறுத்தி, தண்டு சுருங்காத அளவுக்கு மட்டும் தண்ணீர் கொடுத்து, இரவு வெப்பநிலை 10 முதல் 15 டிகிரி வரை இறங்கும் இடத்தில் வைக்க வேண்டும். தழைச்சத்தும் நீரும் தொடர்ந்து கிடைத்தால் பூ வர வேண்டிய அதே கணுவில் குட்டி முளைக்கும். உன் வீட்டில் இரவுகள் அவ்வளவு குளிராதென்றால் நோபிலேயை அண்ணன் மகளிடம் கொடுத்துவிடு, அவள் ஊரில் குளிர் உண்டு.

சித்தப்பா: யோசித்துச் சொல்கிறேன்.

அப்பா: வாண்டாவைப் பற்றி ஒன்றும் முடிவாகவில்லையே. கிழக்குத் தாழ்வாரம் பாகப்பிரிவினையிலேயே தம்பிக்குப் போய்விட்டது, எனக்கு மொட்டை மாடிதான் இருக்கிறது.

சித்தப்பா: அதை இங்கே ஏன் இழுக்கிறீர்கள், அண்ணா?

பெரிய அத்தை: இந்த ஒரு விஷயத்தில் அதையும் பார்த்துத்தான் ஆக வேண்டும். நம்மிடம் இருப்பவற்றில் அதிக வெளிச்சம் கேட்பது வாண்டா. மாடியில் வெளிச்சம் தாராளம், ஆனால் அனல் காற்று தொங்கும் வேரை உலர்த்திவிடும், நேர் வெயில் இலையைச் சுட்டுவிடும். தாழ்வாரத்தில் ஈரம் நிற்கும், ஆனால் பிற்பகலில் வெளிச்சம் போதாமல் செடி பச்சைப் பசேலென்று வளரும், பூக்காது. அடர்ந்த பச்சை இலையைப் பார்த்துச் செழிப்பு என்று மகிழ வேண்டாம், அது வெளிச்சப் பற்றாக்குறையின் அடையாளம்.

நான்: அத்தை, வாண்டாவின் தண்டு நீளமாகத்தானே இருக்கிறது? மேல்பகுதியில் வேர்கள் விட்டிருக்கின்றன. வெட்டி இரண்டாக்க முடியாதா?

அப்பா: வெட்டுவதா?

பெரிய அத்தை: முடியும். மேல்துண்டில் குறைந்தது மூன்று நல்ல வேராவது இருக்க வேண்டும். அடித்துண்டு பக்கக் கன்று விட்டால் அதுவும் செடியாகும், ஆனால் இரண்டும் மறுபடி பூக்க நாள் பிடிக்கும். கத்தியை நெருப்பில் காட்டாமல் வைக்கக் கூடாது, ஆர்க்கிடைத் தாக்கும் வைரஸ்கள் பெரும்பாலும் வெட்டும் கருவி வழியாகத்தான் ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குப் போகின்றன, அவற்றுக்கு மருந்து கிடையாது. வேர் நுனிகள் இப்போது மங்கிக் கிடக்கின்றன. அவை மறுபடி பச்சையாக ஓடத் தொடங்கும் வரை நான் வெட்ட விட மாட்டேன்.

சித்தப்பா: மேல்துண்டு யாருக்கு?

சித்தி: இன்னும் வெட்டவே இல்லை!

பெரிய அத்தை: தம்பிமார் இருவரும் ஒரு வேலை செய்யுங்கள். நண்பகலில் செடி தொங்கப்போகும் இடத்தில், இலை இருக்கும் உயரத்துக்கு ஓர் அடி மேலே கையை நீட்டுங்கள். விரல்களின் நிழல் கூர்மையாக விழுந்தால் வெளிச்சம் அதிகம், ஓரம் மங்கி விழுந்தால் நடுத்தரம், நிழலே விழாவிட்டால் வாண்டாவை மறந்துவிடலாம்.

அப்பா: கூர்மையாக விழுகிறது. பாதி நிழல் தரும் வலை கட்டி, தினமும் காலையில் வேரை நனைக்கிறேன்.

சித்தப்பா: தாழ்வாரத்திலும் கூர்மையாகத்தான் விழுகிறது.

பெரிய அத்தை: இப்போது மணி ஒன்பதரை. நண்பகலில் பார்க்கச் சொன்னேன். இருவரும் பன்னிரண்டு மணிக்குப் படம் எடுத்து அனுப்புங்கள், அதுவரை வாண்டாவின் கூடையை யாரும் கொக்கியிலிருந்து கழற்ற வேண்டாம்.