பொருள்: கார்பன் மோனாக்சைடு அலாரம் – தமிழில் என்ன? (வெள்ளி மாலைக்குள்)

லண்டன்:
அன்பர்களே, இங்கிலாந்தில் வாடகைக்கு இருக்கும் தமிழருக்கான துண்டறிக்கை வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. விறகு எரியும் அடுப்புள்ள அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரத்தை வீட்டுக்காரர் பொருத்தித் தர வேண்டும். புகை அலாரம் தளத்துக்கு ஒன்று. பழைய அறிக்கையில் ‘கரியமில வாயுக் கருவி’ என்று இருக்கிறது. கரியமில வாயு நாம் வெளிவிடும் மூச்சு, சோடாவில் இருப்பது. கார்பன் மோனாக்சைடோ நிறமும் மணமும் இல்லாமல் தூக்கத்திலேயே ஆளைக் கொல்வது. ஒரு வீட்டில் இந்தக் கருவி உறை பிரிக்காமல் கரண்டிகளோடு இழுப்பறையில் கிடந்தது. “புகை மணிதான் கூரையில் இருக்கிறதே” என்றார் அந்த அம்மா.

மதுரை:
‘கரிம ஓருயிரகை அலறி’. உணர்வது உணரி, அலறுவது அலறி. விகுதி பொருந்துகிறது, எழுப்பும் வேலையும் சொல்லிலேயே இருக்கிறது. ‘விறகு அடுப்பு’ சமையலுக்கானது. குளிர் காய்வதற்குக் கணப்பு. சங்கப் பாட்டான நெடுநல்வாடையில் அது ‘தடவு’. தென்றல் வரும் சாளரத்தைத் தாழிட்டு, பகுவாய்த் தடவில், அதாவது வாயகன்ற கணப்புச் சட்டியில், நெருப்புக் காய்கிறார்கள். நீங்கள் அஞ்சுவதும் அதே அடைத்த அறையைத்தானே?

யாழ்ப்பாணம்:
ஐயா, கணப்பை ஏற்கிறேன். ‘அலறி’ வேண்டாம், எங்கள் பக்கம் அலரி என்றால் அரளி, காதில் விழுந்தால் பூதான் நினைவுக்கு வரும். நாங்கள் பள்ளியில் படித்தது காபனோரொட்சைட்டு. கரியமில வாயு காபனீரொட்சைட்டு. ஓர், ஈர் என்று ஒட்சிசன் அணுக்கணக்கே பெயரில் நிற்கிறது.

சென்னை:
வகுப்பில் அது சரி. நள்ளிரவில் விழித்தவருக்கு அணுக்கணக்கு எதற்கு? அலாரம் என்றால் பாட்டிக்கும் புரியும்.

மதுரை:
அலாரம் புரியும், மோனாக்சைடு புரியுமா? தெரியாத சொல்லைத்தான் கற்பிக்கப் போகிறோம் என்றால் அது தமிழாக இருக்கட்டுமே.

லண்டன்:
கருவியின் முகத்தில் இருப்பதும் கடையில் கேட்க வேண்டியதும் கார்பன் மோனாக்சைடு என்ற பெயர்தான் ஐயா. மூவர் அலாரத்துக்கு இசைந்துவிட்டோம். ‘கார்பன் மோனாக்சைடு நச்சுவாயு அலாரம்’ என்று போடுகிறேன். அடுத்த வரியில் காபனோரொட்சைட்டு. கீழே: “கணப்பிலிருந்து 1 முதல் 3 மீட்டருக்குள் பொருத்துக. கூரையில் என்றால் சுவரிலிருந்து குறைந்தது 30 செ.மீ. தள்ளி. புகை அலாரம் இந்த வாயுவை உணராது.”

மதுரை:
கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. ‘வாயு’ என்றதும் சமையல் எரிவாயு என்று நினைத்து, எங்கள் வீட்டில்தான் காஸ் இல்லையே என்று அந்த அம்மா மறுபடியும் இழுப்பறையில் போட்டுவிட்டால்?